கார்டு மெஷின் வாங்கலாமா? தனியாகத் தொழில் செய்பவர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கசிவு நின்றுவிட்டது. தரையைத் துடைத்தாயிற்று, ஸ்பானர்கள் பைக்குள் போய்விட்டன. வீட்டுக்காரர் கேட்கிறார்: "கார்டு எடுப்பீங்களா?" இல்லை என்று சொன்னால் அடுத்து வருவது பெரும்பாலும் இதுதான்: "அப்போ நாளைக்கு அனுப்பிடுறேனே." சிலருக்கு அந்த நாளை மறுநாளே வந்துவிடும். சிலருக்கு மூன்று வாரம் ஆகும். சிலருக்கு வருவதே இல்லை.

பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், பெயின்டர், ஏசி மெக்கானிக் எனத் தனி ஆளாகத் தொழில் செய்கிற எல்லோரிடமும் இப்போது இந்தக் கேள்வி வருகிறது. கார்டு வாங்க ஆரம்பித்தால் ஒவ்வொரு பில்லிலும் கமிஷன் போகும். வாங்காவிட்டால் பாக்கி நிற்கும், சில வேலைகள் கைநழுவும். இதில் கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம், அது போதாது. கமிஷன் உங்கள் கூலியில் எவ்வளவைத் தின்கிறது, பணம் எப்போது கைக்கு வருகிறது, வந்த பணம் திரும்பிப் போக வாய்ப்பு உண்டா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## கார்டை வைத்த நொடியில் நடப்பது

ஒரு கார்டுப் பரிவர்த்தனையில் ஐந்து தரப்பு உண்டு. பணம் கொடுக்கும் வாடிக்கையாளர், அவருக்குக் கார்டு கொடுத்த வங்கி, வேலை செய்த நீங்கள், உங்களுக்காகப் பணத்தை வசூலித்துத் தரும் வங்கி அல்லது நிறுவனம், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு. வேலை மூன்று கட்டமாக நடக்கிறது.

1. அனுமதி. மெஷின் கேள்வியை அனுப்புகிறது, கார்டு கொடுத்த வங்கி "இந்தக் கணக்கில் இவ்வளவு தொகைக்கு இடம் இருக்கிறது" என்று பதில் சொல்கிறது. இரண்டு மூன்று நொடி வேலை. திரையில் டிக் விழுந்தாலும் பணம் இன்னும் உங்கள் பக்கம் நகரவில்லை.

2. கணக்குத் தீர்ப்பு. அன்றைய பரிவர்த்தனைகள் தொகுப்பாகப் போய், எந்த வங்கி எந்த வங்கிக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது முடிவாகிறது.

3. வரவு. கமிஷன் கழித்த தொகை உங்கள் கணக்குக்கு வருகிறது. அடுத்த வேலை நாளிலும் வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். வெள்ளி மாலை முடித்த வேலைக்கான பணம் செவ்வாய்க்கிழமை வந்தால் அதில் அதிசயம் இல்லை. திங்கள் காலையில் பொருள் வாங்கக் காசு வேண்டுமென்றால் இதை முன்பே கணக்கில் வையுங்கள்.

முதல் கட்டத்தில் தொழில்காரர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தரைக்குக் கீழே உள்ள அறையிலோ, கட்டி முடியாத கட்டடத்திலோ சிக்னல் இருக்காது. சில மெஷின்கள் அப்போது "ஆஃப்லைன்" முறையில் கார்டை ஏற்றுக்கொண்டு, சிக்னல் கிடைத்த பிறகு வங்கியைக் கேட்கும். அதற்குள் நீங்கள் கிளம்பிப் போயிருப்பீர்கள். வங்கி மறுத்தால் நஷ்டம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். எனவே சிக்னல் இல்லாத இடத்தில் வாசலுக்கு வந்து கார்டை வாங்குவதுதான் சரி.

## கடன் நோட்டிலிருந்து வந்த வழி

1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் ஏறக்குறைய 60,000 பேருக்குக் கார்டுகளை அஞ்சலில் அனுப்பி வைத்தது. பின்னாளில் விசா ஆனது அந்தத் திட்டம்தான். அதற்கு முன்பு கடன் கொடுக்க நினைத்த சிறு வியாபாரி அவரே நோட்டுப் போட்டு எழுதி, மாதக் கடைசியில் பில் அனுப்பி, வராத பாக்கிக்கு நடையாய் நடக்க வேண்டும். கார்டு வந்ததும் அந்தக் கடன் வங்கியின் தலைக்குப் போனது. வியாபாரிக்குக் கமிஷன் போகப் பணம் வந்துவிடும், வாடிக்கையாளரிடம் வசூலிப்பது வங்கியின் பாடு. கமிஷன் எதற்காக என்று கேட்டால் இன்றும் அதற்கான பதிலில் பெரும்பகுதி இதுதான்.

ஆனால் நீண்ட காலம் இந்த வசதி தனி ஆள் தொழிலுக்கு எட்டவில்லை. வங்கியில் தனி வணிகக் கணக்கு, மாத வாடகை, குறைந்தபட்சக் கட்டணம், வருடக்கணக்கில் ஒப்பந்தம் என்று கேட்பார்கள். ஜிம் மெக்கெல்வி என்ற அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர், தான் கண்ணாடியில் செய்த தண்ணீர்க் குழாய் ஒன்றை வாங்க வந்தவரிடம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டை ஏற்க வழியில்லாமல் அந்த விற்பனையை இழந்தார். அவரும் ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியும் சேர்ந்து 2009இல் ஸ்கொயர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் சுவீடனில் ஐசெட்டில், 2012இல் சம்அப் என்று வரிசையாக வந்தன. மாத வாடகை இல்லை, போனோடு இணையும் சின்னக் கருவி, விற்றால் மட்டும் கமிஷன். இப்போது தனிக் கருவிகூட இல்லாமல் போனிலேயே கார்டைத் தொட வைத்துப் பணம் வாங்கும் வசதி பல நாடுகளில் உண்டு.

## கமிஷன் யாருக்குப் போகிறது

பில்லில் பிடிக்கும் தொகையை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கார்டு கொடுத்த வங்கிக்குப் போவது "இன்டர்சேஞ்ச்". வலையமைப்புக்கு ஒரு சிறு கட்டணம். மீதி, உங்களுக்கு மெஷின் கொடுத்தவருக்கு.

இதில் முதல் பங்குக்குப் பல அரசுகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம். அமெரிக்காவில் 2011 முதல் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுக்கு 21 சென்ட்டும் தொகையில் 0.05 சதவீதமும் உச்ச வரம்பு, மோசடித் தடுப்புக்கு மேலும் 1 சென்ட் வரை சேரலாம். இந்தியாவில் ரிசர்வ் வங்கி வேறு வழியில் போனது. வியாபாரி கொடுக்கும் மொத்தக் கமிஷனுக்கே வரம்பு வைத்தது. 2018 ஜனவரி முதல், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு டெபிட் கார்டு மெஷினில் 0.40 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றது. 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் கமிஷனே இல்லை.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இன்டர்சேஞ்சுக்கு வரம்பு என்றால் நீங்கள் கொடுக்கும் மொத்தக் கமிஷனுக்கும் வரம்பு என்று அர்த்தம் ஆகாது. வங்கியின் பங்கு 0.2 சதவீதமாக இருந்தாலும், மெஷின் கொடுத்தவர் எல்லாக் கார்டுக்கும் ஒரே விகிதமாக அதைப்போலப் பல மடங்கு வாங்கலாம். சிறு தொழிலுக்கான ஒரே விகிதத் திட்டங்கள் பொதுவாக 1.5 முதல் 3 சதவீதத்துக்குள் வருகின்றன. கம்பெனி கார்டுகளும் வெளிநாட்டுக் கார்டுகளும் பல வரம்புகளுக்கு வெளியே நிற்பவை. ஒரு திட்டத்தில் சேரும் முன் அவற்றுக்கான விகிதத்தைத் தனியாகக் கேளுங்கள்.

## 2 சதவீதம் உண்மையில் எவ்வளவு?

கமிஷன் மொத்தப் பில்லின் மீது பிடிக்கப்படுகிறது. உங்கள் வருமானமோ பில்லில் ஒரு பகுதி மட்டும். தொழில்காரர் கணக்குப் பார்க்கும்போது தவறுவது இந்த இடத்தில்தான்.

எந்த நாணயமானாலும் சரி, இரண்டு பில்களை எடுத்துக்கொள்வோம்.

1. கசிவு சரிசெய்யும் வேலை. பில் 1,000. வாஷரும் டேப்பும் 100, கூலி 900. கமிஷன் 2 சதவீதம் என்றால் 20 போகும். கூலியில் அது 2.2 சதவீதம்.

2. வாட்டர் ஹீட்டர் மாற்றும் வேலை. பில் 10,000. அதில் ஹீட்டரும் குழாய்களும் 7,000, கூலி 3,000. கமிஷன் 200. கூலியில் அது ஏறக்குறைய 6.7 சதவீதம்.

ஒரே மெஷின், ஒரே விகிதம். ஆனால் இரண்டாவது வேலையில் உங்கள் உழைப்பிலிருந்து போகும் பங்கு மூன்று மடங்கு. அதிலும் அந்த 7,000 உங்கள் பணமே இல்லை, கடைக்காரருக்குப் போக வேண்டியது. அதற்கும் சேர்த்து நீங்கள் கமிஷன் கட்டுகிறீர்கள். பொருளின் பங்கு அதிகமுள்ள வேலையில் கார்டைத் தவிர்க்க நினைப்பது கஞ்சத்தனம் அல்ல, கணக்குதான். பொருளுக்கான தொகையை வங்கிப் பரிமாற்றமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கூலியை மட்டும் கார்டில் எடுக்கலாம். வாடிக்கையாளரையே கடையில் நேரடியாகப் பணம் கட்டச் சொல்லலாம். ஆனால் அப்படிச் செய்தால் பொருளில் உங்களுக்குக் கிடைக்கும் லாபமும் போகும், பொருள் பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அதே 10,000 பில் வசூலாகாமல் போனால் என்ன ஆகும்? உங்கள் கூலி 3,000 போகும், கடையில் ஏற்கெனவே கொடுத்த 7,000மும் போகும். அந்த 7,000ஐ மட்டும் ஈடுகட்டவே, இதேபோன்ற இரண்டு வேலையின் முழுக் கூலியும் மூன்றாவது வேலையின் கூலியில் மூன்றில் ஒரு பங்கும் தேவை. 2 சதவீதக் கமிஷன் என்பது, ஒரே அளவுள்ள 50 பில்லில் ஒன்று வராமல் போவதற்குச் சமம். உங்கள் நோட்டை எடுத்துக் கடந்த 50 பில்லைப் பாருங்கள். ஒன்றுகூட நிற்கவில்லை என்றால் பாக்கிக்குப் பயந்து கார்டு வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இரண்டோ மூன்றோ நிற்கிறது என்றால், கமிஷனைவிடப் பெரிய தொகையை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது ரசீதில் வருவதில்லை, அவ்வளவே.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கார்டு பாக்கியைத் தடுப்பது, வேலை முடிந்த இடத்திலேயே, கிளம்புவதற்கு முன் வாங்கினால்தான். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துப் பேமென்ட் லிங்க் அனுப்பினால் அதுவும் இன்னொரு பில்தான். அதையும் கண்டுகொள்ளாமல் விட வாடிக்கையாளருக்கு முடியும். அப்போது கமிஷனையும் கொடுத்து, காத்தும் கிடப்பீர்கள்.

வருடக்கணக்காகத் தெரிந்த, சொன்ன நாளில் பணம் அனுப்பும் வாடிக்கையாளரிடம் கார்டை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. முதல்முறை கூப்பிட்டவர், அவசர வேலை, வாடகைக்கு விட்ட வீடு, ஊரில் இல்லாத வீட்டுக்காரர் என்றால் கார்டுக்குக் கொடுக்கும் 2 சதவீதம் நியாயமான காப்பீடு. எல்லோருக்கும் ஒரே வழி வைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

## கமிஷனை வாடிக்கையாளர் தலையில் கட்டலாமா?

நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 2018 ஜனவரி முதல் தனிநபர் கார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். வேறு சில நாடுகளில் உண்மையான செலவு வரை வாங்க அனுமதி உண்டு, சில இடங்களில் மெஷின் கொடுத்தவரின் ஒப்பந்தமே தடுக்கிறது. சட்டம் அனுமதித்தாலும் அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. பேசி முடித்த விலைக்கு மேல் கடைசி நிமிடத்தில் 2 சதவீதம் கேட்டால், அதுவரை செய்த நல்ல வேலையின் மேல் ஒரு கசப்பு படியும். அதைவிட எளிய வழி உண்டு. உங்கள் வரவில் பாதி கார்டில் வருகிறது, கமிஷன் 2 சதவீதம் என்றால், மொத்த விலையில் 1 சதவீதம் ஏற்றினாலே செலவு ஏறக்குறைய அடங்கிவிடும். அந்த வித்தியாசத்தைக் கொட்டேஷனில் யாரும் கவனிக்கப் போவதில்லை.

## சார்ஜ்பேக்: வந்த பணம் திரும்பிப் போவது

ரொக்கம் கைமாறினால் முடிந்தது. கார்டில் அப்படி இல்லை. வாடிக்கையாளர் தன் வங்கியிடம் புகார் சொன்னால், வங்கி அந்தத் தொகையை உங்கள் கணக்கிலிருந்து திருப்பி எடுக்கலாம். இதுதான் சார்ஜ்பேக். உங்களுக்கு மெஷின் கொடுத்தவர் இதற்குத் தனியாக ஒரு கட்டணமும் பிடிப்பது வழக்கம், பல திட்டங்களில் நீங்கள் ஜெயித்தாலும் அந்தக் கட்டணம் திரும்ப வராது.

தொழில்காரர்களுக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் நான்கு வகை.

1. "இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை."
2. "வேலை நடக்கவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது."
3. "சொன்னபடி வேலை இல்லை."
4. "இரண்டு முறை பிடித்துவிட்டார்கள், தொகை தவறு."

முதல் வகையில் சிப்பும் பின் எண்ணும் உங்கள் பக்கம் நிற்கும். கார்டை நேரில் வைத்து, சிப் வழியாக, பின் எண்ணோடு நடந்த பரிவர்த்தனையில் திருட்டுக் கார்டு என்ற புகாரின் நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல், சிப் படிக்காத பழைய மெஷினை வைத்திருக்கும் வியாபாரியின் தலையில்தான் கள்ளக் கார்டு நஷ்டம் விழுகிறது. காந்தப் பட்டையைத் தேய்க்கும் பழைய மெஷினை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

இதே முதல் வகையில் மோசடி எதுவும் இல்லாமல் வரும் புகாரும் உண்டு. உங்கள் வண்டியில் எழுதியிருப்பது தொழிலின் பெயர். மெஷின் கணக்கில் பதிவானது உங்கள் சொந்தப் பெயரோ, மெஷின் நிறுவனத்தின் பெயரோ. ஒரு மாதம் கழித்து ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிற வாடிக்கையாளருக்கு அந்தப் பெயர் யார் என்றே தெரியாது. நேராக வங்கிக்குப் போன் போடுகிறார். இதைத் தடுக்கச் செலவே இல்லை. பதிவு செய்யும்போது ஸ்டேட்மென்ட்டில் என்ன பெயர் வரும் என்று கேட்டு, வண்டியில் உள்ள பெயரையே போடச் சொல்லுங்கள். ரசீதிலும் அதே பெயர் இருக்கட்டும்.

உண்மையில் ஆபத்தானவை இரண்டாவதும் மூன்றாவதும். கடையில் விற்ற பொருளுக்குக் கூரியர் ரசீது இருக்கும். சுவருக்கு அடித்த பெயின்ட்டுக்கு என்ன சாட்சி? விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல புகார்களுக்குக் கெடு 120 நாள். வேலை பின்னொரு நாளில் நடக்க வேண்டியது என்றால் அந்த 120 நாள், வேலை முடிந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணப்படலாம். அட்வான்ஸை மார்ச்சில் வாங்கி ஜூலையில் வேலை செய்கிறவர் கவனிக்க வேண்டியது இது. பிரிட்டனில் இதற்கு மேல் சட்டமும் உண்டு. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள வேலைக்குக் கிரெடிட் கார்டில் ஒரு பகுதி கட்டியிருந்தாலும் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு.

புகார் வந்தால் பதில் சொல்லத் தரப்படும் அவகாசம் குறைவு. அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. முன்பே இருக்க வேண்டியவை: என்ன வேலை, என்ன பொருள், என்ன சேராது என்று எழுதி வாடிக்கையாளர் "சரி" என்று பதில் அனுப்பிய கொட்டேஷன். வேலைக்கு முன்னும் பின்னும் தேதியோடு எடுத்த படங்கள். நடுவில் "இதையும் சேர்த்துச் செய்துடுங்க" என்று வாயால் சொன்ன வேலைக்கு அங்கேயே அனுப்பிய ஒரு மெசேஜ். வேலை முடிந்ததும் பார்த்துத் திருப்தி என்று போட்ட கையெழுத்து. வாயால் சொன்ன கூடுதல் வேலைதான் பல தகராறுக்கும் வேர்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுக்க உங்களுக்கு எதிரானது என்றும் நினைக்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவரிடம் பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாரோ என்ற பயம். கார்டில் கொடுத்தால் வங்கி இருக்கிறது என்ற தைரியம் வருகிறது. எந்த விதியைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்களோ, அதே விதிதான் உங்களுக்கு அட்வான்ஸை வாங்கித் தருகிறது. ஒழுங்காக வேலை செய்து, எழுதி வைக்கிற பழக்கமும் உள்ளவருக்கு இது நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

## போனில் கார்டு எண்ணை எழுதிக்கொள்வது

இதைச் செய்யவே கூடாது. வாடிக்கையாளர் போனில் எண்ணைச் சொல்ல, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்கிற வழக்கம் சிலரிடம் உண்டு. கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணை, அனுமதி கிடைத்த பிறகு எந்த வடிவிலும் சேமித்து வைக்கக் கூடாது என்பது பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டுத் துறைப் பாதுகாப்பு விதி. அந்தப் புத்தகம் வண்டியில் கிடந்து தொலைந்தால் பொறுப்பு உங்களுடையது. அதோடு, கார்டு நேரில் இல்லாத பரிவர்த்தனைக்குக் கமிஷனும் கூடுதல், மோசடி நஷ்டமும் பொதுவாக உங்களுக்கே.

தொலைவிலிருந்து வாங்க வேண்டியிருந்தால் பேமென்ட் லிங்க் அனுப்புங்கள். ஓடிபியோ வங்கிச் செயலியோ கேட்கும் லிங்க் என்றால், "நான் கட்டவில்லை" என்ற புகாரின் நஷ்டம் பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்கு மாறும்.

தொழில்காரர்களைக் குறிவைத்தே நடக்கும் ஒரு ஏமாற்று வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். முகம் தெரியாத ஒருவர் பெரிய வேலை தருவதாகச் சொல்கிறார். இடத்தைப் பார்க்காமலே விலைக்கு ஒத்துக்கொள்கிறார். பில்லைவிட அதிகத் தொகையைக் கார்டில் கட்டிவிட்டு, "மீதியை என் லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார். கட்டியது திருட்டுக் கார்டு. சில வாரத்தில் முழுத்தொகையும் சார்ஜ்பேக்கில் போகும், லாரிக்காரருக்கு நீங்கள் அனுப்பியது திரும்பாது. கார்டில் வந்த பணத்தை அதே கார்டுக்குத்தான் திருப்ப வேண்டும். வேறு எங்கே அனுப்பச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

## யாரிடம் மெஷின் வாங்குவது

வங்கியில் தனி வணிகக் கணக்கு எடுத்தால் கமிஷன் குறையும், மாத வாடகை இருக்கும். வாடகையில்லாத சின்னக் கருவியில் கமிஷன் கூடுதல். எது மலிவு என்பதற்கு ஒரு வகுத்தல் போதும். வாடகை மாதம் 300, கமிஷன் வித்தியாசம் 0.75 சதவீதம் என்றால் 300ஐ 0.0075ஆல் வகுத்தால் 40,000. மாதம் 40,000க்கு மேல் கார்டில் வந்தால்தான் வாடகை மெஷின் லாபம். ஒப்பந்தத்தை இடையில் முறிக்க என்ன செலவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகையில்லாத கருவிகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. சேரும்போது அதிகம் விசாரிக்காமல் பத்து நிமிடத்தில் கணக்கைத் திறந்துவிடுவார்கள். விசாரணை பிறகு வரும். வழக்கமாக 1,000, 2,000 என்று வந்த கணக்கில் திடீரென 80,000 வந்தால், கணினி அதைச் சந்தேகப்பட்டுத் தொகையை நிறுத்தி வைக்கலாம். பில் காட்டு, ஒப்பந்தம் காட்டு என்று கேட்பார்கள், அது முடிய நாட்கள் ஆகும். கடைக்காரருக்குத் தவணை சொல்லியிருக்கும் நேரத்தில் இது கழுத்தைப் பிடிக்கும். பெரிய தொகை வரப்போகிறது என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வைப்பதும், அதைப் பல கட்டமாக வேலையின் முன்னேற்றத்துக்கு ஏற்ப வாங்குவதும் இதைக் குறைக்கும்.

## உடனடி வங்கிப் பரிமாற்றம் இருக்கும் இடத்தில்

இந்தக் கேள்வியின் பதிலையே மாற்றுவது இதுதான். பிரிட்டனில் 2008 முதல் ஃபாஸ்டர் பேமென்ட்ஸ், இந்தியாவில் 2016 முதல் யுபிஐ, சிங்கப்பூரில் 2017 முதல் பேநவ், பிரேசிலில் 2020 முதல் பிக்ஸ். வாடிக்கையாளர் அவரே பணத்தைத் தள்ளுகிறார், பொதுவாகச் சில நொடியில் உங்கள் கணக்கில் விழுகிறது, கமிஷன் இல்லை அல்லது மிகக் குறைவு. கார்டுபோன்ற சார்ஜ்பேக்கும் கிடையாது. இது எல்லோர் கையிலும் உள்ள இடத்தில் சிறிய பில்லுக்குக் கார்டு மெஷின் தேவையே இல்லை. கார்டுக்கு மிச்சம் இருக்கும் பலம் இரண்டு: கடனில் வேலை செய்துகொள்ள நினைக்கும் வாடிக்கையாளர், பாதுகாப்பு கேட்கும் பெரிய அட்வான்ஸ்.

கவனம் ஒன்று வேண்டும். "அனுப்பிட்டேன், பாருங்க" என்று வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கிளம்ப வேண்டாம். அப்படிப் படம் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். உங்கள் போனில், உங்கள் கணக்கில் பணம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையைத் தூக்குங்கள்.

## கணக்கு நோட்டில் எழுதும் முறை

10,000 பில்லுக்கு வங்கியில் 9,800 வருகிறது. பலர் 9,800ஐ வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். வருமானம் 10,000, வங்கிச் செலவு 200 என்றுதான் எழுத வேண்டும். விற்பனை வரி கட்டுபவர் என்றால் வரி முழு 10,000க்கும் உண்டு. வரி அலுவலகம் மெஷின் நிறுவனத்திடமிருந்து முழுத்தொகையின் விவரத்தைப் பெறும் நாடுகளில், இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் நோட்டீஸ் வரும். மறுபக்கம், பதிவாகும் வருமானம் வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கும்போது கையில் இருக்கும் சாட்சி. ரொக்கத்தில் நன்றாகச் சம்பாதித்தும் வங்கியில் காட்ட ஒரு தாள் இல்லாமல் நிற்கிற தொழில்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

## எந்த வேலைக்கு எது

என் முடிவு இப்படி இருக்கும்.

1. ஒரே நடையில் முடியும் பழுது வேலை, புது வாடிக்கையாளர்: அந்த இடத்திலேயே உடனடிப் பரிமாற்றம், அது இல்லாவிட்டால் கார்டு. "நாளைக்கு" என்ற சொல்லுக்கு இடம் தர வேண்டாம்.

2. பொருள் பாதிக்கு மேல் உள்ள வேலை: பொருளுக்கான தொகை வங்கிப் பரிமாற்றமாக முன்பணம், கூலி வாடிக்கையாளர் விருப்பப்படி.

3. பல வாரம் ஓடும் பெரிய வேலை: அட்வான்ஸைக் கார்டில் வாங்கலாம், நடுத் தவணைகளையும் கடைசிப் பாக்கியையும் பரிமாற்றமாகக் கேளுங்கள். பெரிய தொகை கார்டின் வரம்பைத் தாண்டி மறுக்கப்படுவதும் சாதாரணம். இந்த ஏற்பாட்டைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள், வாசலில் நின்று பேச வேண்டியிருக்காது.

4. கட்டட ஒப்பந்தக்காரருக்குக் கீழ் செய்யும் வேலை: கார்டுக்கு இடமில்லை, பில்லும் தவணையும்தான்.

இன்னும் தயங்குகிறவர், மாத வாடகை இல்லாத கருவி ஒன்றை வாங்கி மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாம். நோட்டில் மூன்று பத்தி போதும்: கார்டில் வந்த தொகை, அதற்குப் போன கமிஷன், கார்டு இல்லாத பில்களில் 14 நாளுக்கு மேல் நின்ற பாக்கி. மூன்றாவது பத்தி முந்தைய மூன்று மாதத்தைவிட இறங்கியிருந்தால், எவ்வளவு இறங்கியது என்பதை இரண்டாவது பத்தியின் மொத்தத்தோடு வைத்துப் பாருங்கள். இறங்காமல் கமிஷன் மட்டும் ஏறியிருந்தால், ஏற்கெனவே ஒழுங்காகப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்தான் கார்டுக்கு மாறியிருக்கிறார்கள். அப்போது கருவியை அட்வான்ஸ் வாங்கும் நாளுக்கும் புது வாடிக்கையாளருக்கும் மட்டும் எடுங்கள்.